கார்த்திகையில் மழையைக் காணோமே!
வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கார்த்திகை முக்கால்வாசி போய்விட்டது. கடலில் தாழ்வு நிலை, சென்னையில் மழை என்று தினமும் செய்தி வருகிறது. இங்கே பகலில் வெயில், விடியலில் பனி. ஏன்? (வாசகர், அம்பாசமுத்திரம்)

அந்தத் தாழ்வு நிலைதான் காரணம். நமக்கு இந்தப் பருவத்தில் மழை தருவது கிழக்கிலிருந்து கடல் ஈரத்தோடு வரும் கொண்டல் காற்று. தாழ்வு நிலை இலங்கை, குமரிக்கடல் பக்கம் வந்தால் கொண்டல் வலுத்து நெல்லையில் ஊற்றும். வடக்கே சென்னை, ஆந்திரக் கரைப் பக்கம் ஏறிப்போனால், அதைச் சுற்றும் காற்று நம் ஊருக்கு மேற்கிலிருந்து வரும். மலை தாண்டிக் கீழே இறங்கும்போது அது சூடேறி வறண்டுவிடும். வானத்தில் மப்பே இருக்காது. பகல் வெயிலில் ஏறிய சூட்டை இரவில் தரை தடையில்லாமல் விட்டுவிடுவதால் விடியலில் பனி. இந்த மேற்குக் காற்று நின்று கொண்டல் திரும்பும்வரை செய்தியில் எத்தனை புயல் வந்தாலும் நமக்கு லாபமில்லை.

கேள்வி: அணை மட்டம் ஏறுகிறது, ஊரில் தூறல்கூட இல்லை. ஊர் மழையை வீட்டிலேயே அளக்கலாமா? (வாசகி, பாளையங்கோட்டை)

அளக்கலாம், அளக்கவும் வேண்டும். 118 அடி மணிமுத்தாறு அணையை நிரப்புவது மாஞ்சோலை, நாலுமுக்கு மலையில் பெய்யும் மழை. பாளையங்கோட்டைக்கு அது கணக்காகாது.

வாயின் விட்டம் 10 செ.மீ. உள்ள, ஆழமான புனலை ஒரு பாட்டிலில் பொருத்துங்கள். சேர்ந்த தண்ணீர் 8 மி.லி. என்றால் ஏறத்தாழ 1 மி.மீ. மழை; 40 மி.லி. என்றால் 5 மி.மீ. தினமும் காலை 8.30-க்கு அளந்து கொட்டிவிடுங்கள். மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். மொட்டை மாடி வேண்டாம், காற்று மழையைத் தள்ளிவிடும். தட்டையான புனலில் துளிகள் தெறித்து வெளியே போகும். மழையில்லாத நாளுக்கு 0 என்று எழுதுங்கள். வெற்றிடம் விட்டால் பிறகு அளக்க மறந்த நாளா, பெய்யாத நாளா என்று தெரியாது.

2.5 மி.மீ.யும் அதற்கு மேலும் பெய்தால்தான் வானிலைத் துறை அதை மழைநாள் என்று எண்ணும். மாத மொத்தத்தோடு மழைநாட்களையும் எண்ணுங்கள். 2023 டிசம்பர் 17 காலை முதல் 18 காலை வரை, ஒரே நாளில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. அப்படி ஒரு நாள் வந்துவிட்டால், வறண்டு கிடந்த பருவமும் கணக்கில் செழிப்பாகத்தான் தெரியும்.

கேள்வி: பிசானப் பருவ நெல் நட்டு ஒரு மாதம். கால்வாயில் முறைத் தண்ணீர்தான். பனியும் விழுகிறது. என்ன செய்யலாம்? (வாசகர், சேரன்மகாதேவி)

எந்நேரமும் தண்ணீர் நிற்கத் தேவையில்லை. 30 செ.மீ. நீள பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் துளைகள் போட்டு, அந்தப் பாதியை வயலில் புதைத்து, உள்ளே உள்ள மண்ணை அள்ளிவிடுங்கள். குழாய்க்குள் நீர் தரைமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே போனதும் 5 செ.மீ. நிற்கப் பாய்ச்சினால் போதும். களிமண் வயலென்றால் அதுவரை காத்திருக்காமல் மயிரிழை வெடிப்பு தெரிந்ததும் பாய்ச்சுங்கள். பெரிதாக வெடித்தால் முறைத் தண்ணீர் அதன் வழியே இறங்கிவிடும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது.

பனியில் இலை நெடுநேரம் நனைந்திருக்க, யூரியாவும் கூடினால் குலைநோய் என்ற பூஞ்சை நோய் வரும். இலையில் நடுவே சாம்பல் நிறமாகக் கண் வடிவப் புள்ளி தெரிகிறதா பாருங்கள். நட்ட பிறகு இடும் மேலுரத்தைப் பிரித்துப் போடுங்கள். சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளை லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கலந்து தெளிப்பது முன்தடுப்புக்கு. புள்ளி பரவிவிட்டால் அது மட்டும் போதாது, இலையோடு வேளாண் அலுவலகத்துக்குப் போங்கள்.