பழைய செஸ்னாவுக்கு 80 ஆயிரம் டாலர்: எஞ்சினுக்கா, பேனலுக்கா?

கேள்வி: கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் இருக்கிறேன். நானும் நண்பரும் சேர்ந்து 1978 மாடல் செஸ்னா 172என் என்ற நான்கு இருக்கைச் சிறு விமானம் வைத்திருக்கிறோம், ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தில் நிறுத்துகிறோம். 2006-இல் ஓவர்ஹால் செய்த (முழுக்கப் பிரித்துப் புதுப்பித்த) எஞ்சின் இப்போது 1,850 மணி நேரம் ஓடியிருக்கிறது. பேனலில் (விமானியின் முன்னால் உள்ள கருவிப் பலகையில்) பம்ப் உறிஞ்சும் காற்றில் இயங்கும் பழைய வேக்யூம் கருவிகள்தான், ஆட்டோபைலட் கிடையாது. விமானத்தின் இருப்பிடத்தை ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவியை 2019-இல் போட்டோம். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் எனக்கு உண்டு. கோடையில் குடும்பத்தோடு லேக் டாஹோ போவது வழக்கம். கையில் 80 ஆயிரம் டாலர் இருக்கிறது. 180 குதிரைத் திறன் எஞ்சினுக்கு மாறலாமா, முழு கண்ணாடி பேனல் (எல்லாம் மின்னணுத் திரைகள்) போடலாமா, டீசல் எஞ்சின் சரிவருமா?

பதில்: டீசலை முதலில் தள்ளிவிடுகிறேன். கான்டினென்டலின் சிடி-155 நல்ல எஞ்சின்தான், 172-க்கு அனுமதியும் உண்டு, ஜெட் விமான எரிபொருளான ஜெட்-ஏ குடிக்கும். ஆனால் 2,100 மணி நேரம் ஆனதும் அதை ஓவர்ஹால் செய்வதில்லை, மொத்தமாக மாற்ற வேண்டும். அதன் மூலக் கம்பெனியான டீலர்ட் 2008-இல் திவாலானபோது வாங்கியவர்கள் பட்ட பாட்டை மறப்பதற்கில்லை. செஸ்னாவே டீசல் 172-ஐ 2018-இல் கைவிட்டுவிட்டது. ஏவ்கேஸ் (விமானப் பெட்ரோல்) அநியாய விலை விற்கும் ஐரோப்பாவில் இந்தக் கணக்கு ஓரளவு நிற்கும். உங்கள் ஊரில் நிற்காது.

அடுத்து உங்கள் எஞ்சின். லைகமிங் ஓ-320-ஹெச்2ஏடி என்றாலே பழைய மெக்கானிக்குகள் முகம் சுளிப்பார்கள். வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்டும் அது தள்ளும் டேப்பெட்டும் உரசித் தேய்ந்து, செதில் செதிலாக உதிரும் வியாதி அதற்கு உண்டு. அதனால்தான் எல்டபிள்யூ-16702 என்ற சேர்மத்தை ஆயிலில் கலக்க வேண்டும் என்று 1980-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ உத்தரவு போட்டது. ஏரோஷெல் 15டபிள்யூ-50 ஊற்றினால் அது ஆயிலிலேயே கலந்து வரும். எஞ்சின் வரிசை எண்ணின் கடைசியில் 'டி' (T) எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் லைகமிங் பிறகு திருத்திய கேஸ் (எஞ்சினின் வெளிக்கூடு), கொஞ்சம் நிம்மதி.

2,000 மணி நேரம் அல்லது 12 வருடத்தில் ஓவர்ஹால் என்பது லைகமிங்கின் பரிந்துரை. வருடக் கணக்குப்படி நீங்கள் அதை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். சொந்த உபயோகத்துக்கு ஓட்டும் விமானத்துக்கு அது சட்டமல்ல. அதனால் நாட்காட்டியைப் பார்த்து எஞ்சினைக் கழற்ற வேண்டாம், அதன் உடம்பைப் பார்த்து முடிவெடுங்கள். மற்ற லைகமிங்குகளில் டேப்பெட்டைப் பார்க்க கேஸையே பிளக்க வேண்டும். ஊரெல்லாம் திட்டும் ஹெச்2ஏடியில் மட்டும் வெளியிலிருந்தே உருவி எடுத்துவிடலாம். ஒரு டேப்பெட்டை எடுத்து அதன் முகத்தை விரல் நுனியால் தடவுங்கள். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்க வேண்டும். ஊசி குத்தியது போல் சிறு குழிகள் நெருடினால் கேம் தேய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். டேப்பெட் இருந்த துளை வழியாகவே கேமின் முனையையும் டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

அப்புறம் கம்ப்ரஷன் சோதனை. சிலிண்டருக்குள் 80 பிஎஸ்ஐ காற்றை விட்டு எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார்கள். எண்ணை மட்டும் எழுதிவிட்டுப் போக விடாதீர்கள், காற்று எங்கே கசிகிறது என்று நீங்களே காது வைத்துக் கேளுங்கள். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங். புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, அதுதான் ஆபத்தானது. போர்ஸ்கோப் (குழாய்க் கேமரா) விட்டு அந்த வால்வின் முகத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். சூட்டின் நிறம் வட்டமாகச் சீராக இருந்தால் நல்லது, ஒரு ஓரம் மட்டும் வேறு நிறமாக இருந்தால் அந்த சிலிண்டரைக் கழற்றுங்கள். ஆயில் ஃபில்டரை ஒவ்வொரு முறையும் அறுத்து, மடிப்பை விரித்து, காந்தம் வைத்துப் பாருங்கள். இதெல்லாம் சுத்தமாக இருந்தால் அந்த எஞ்சினை ஓடவிடுங்கள். 2,000-ஐத் தாண்டி நலமாக ஓடும் எஞ்சின்கள் நிறைய உண்டு.

ஒன்று கவனியுங்கள். லைகமிங்கில் கேம்ஷாஃப்ட் கிராங்குக்கு மேலே இருக்கிறது. நிறுத்தி வைத்தால் ஆயில் வடிந்து, கேம் காய்ந்து, துரு பிடிக்கும். இரண்டு பேர் பங்கில் இருக்கும் விமானம் மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் வேறு எந்தச் செலவும் பயன் தராது.

சரி, எஞ்சின் கெட்டுவிட்டது, கழற்றித்தான் ஆக வேண்டும் என்று வையுங்கள். அப்போதுதான் 180 பற்றிப் பேச வேண்டும். நல்ல எஞ்சினைக் கழற்றி 180 போடுவது வீண். கெட்ட ஹெச்2ஏடிக்குப் பணம் கொட்டி மறுபடி ஹெச்2ஏடியே போடுவதையும் நான் விரும்ப மாட்டேன். கன்சாஸ் மாநிலம் வெலிங்டனில் உள்ள ஏர் ப்ளெய்ன்ஸ் போன்றவர்கள் எஸ்டிசி என்ற எஃப்ஏஏ மாற்ற அனுமதியோடு ஓ-360-ஏ4எம் மாற்றம் தருகிறார்கள். பைப்பர் ஆர்ச்சரில் இருக்கும் அதே எஞ்சின்தான், ஆகவே உதிரிப் பாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. ப்ரொப்பெல்லரும் மாறும். தீப்பொறி தரும் மேக்னட்டோக்கள் இரண்டும் அதில் தனித்தனி. உங்களிடம் இப்போது இருப்பதில் இரண்டும் ஒரே உறையில், ஒரே அச்சில் சுழல்கின்றன. அந்த அச்சு உடைந்தால் இரண்டும் போகும். எனக்கு எப்போதுமே பிடிக்காத ஏற்பாடு அது.

இருபது குதிரைத் திறன் டாஹோவில் என்ன தரும்? சவுத் லேக் டாஹோ ஓடுதளம் சுமார் 6,270 அடி உயரத்தில் இருக்கிறது. ஜூலை வெயிலில் 30 டிகிரி இருந்தால், விமானம் 9,500 அடியில் இருப்பதாகவே உணரும். அந்தக் காற்றில் உங்கள் 160 கிட்டத்தட்ட 115 ஆகிவிடும், 180 என்றால் 130 வாக்கில் நிற்கும். வித்தியாசம் 15-தான் என்று ஏமாற வேண்டாம். பறந்துகொண்டிருக்கவே பெரும்பகுதி போய்விடுவதால், ஏறுவதற்கு மிச்சமாகும் சக்தி ஏற்கெனவே கொஞ்சம்தான். முழு எடையில் நிமிடத்துக்கு 300 அடி சொச்சம் ஏறும் விமானம், அதே எடையில் இன்னும் 100 அடிக்கு மேல் ஏறும். மலை சூழ்ந்த ஏரியில் அது பெரிய விஷயம். 172என்-இல் இறக்கையின் பின்னோர மடிப்பான ஃப்ளாப்பை 30 டிகிரியோடு கட்டுப்படுத்திக்கொண்டால் அதிகபட்ச எடையையும் 2,300 பவுண்டிலிருந்து 2,550 ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த 250 பவுண்டுக்கும் ஆளையும் பெட்டியையும் ஏற்றிவிட்டால், ஏற்றத்தில் கிடைத்த லாபத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். டாஹோவுக்குப் போகும் அன்று பழைய எடையிலேயே கிளம்புங்கள்.

உங்கள் ஊரில் எரிபொருள் பிரச்சினையும் 180-க்கே சாதகம். ரீட்-ஹில்வியூவில் 2022 ஜனவரி 1 முதல் ஈயம் கலந்த 100எல்எல் விமானப் பெட்ரோல் விற்பனையை கவுன்டி நிறுத்தியது. 2031 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதுமே விற்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. ஹெச்2ஏடியின் கம்ப்ரஷன் விகிதம் 9.0, அதனால் 94 ஆக்டேன் ஈயமில்லா பெட்ரோல் அதற்குப் போதாது. ஓ-360-ஏ4எம் 8.5, தாராளமாகக் குடிக்கும். ஜி100யுஎல் என்ற ஈயமில்லா பெட்ரோல் 2022-இல் எல்லா பெட்ரோல் விமான எஞ்சின்களுக்கும் அனுமதி பெற்றது உண்மைதான். பெயிண்டும் டேங்க் சீலன்ட்டும் கெட்டுப்போனதாகச் சில உரிமையாளர்கள் புகார் சொல்வதால், நான் அதை மட்டும் நம்பி எஞ்சின் வாங்க மாட்டேன்.

இனி பேனல். 80 ஆயிரத்தில் 180 எஞ்சினும் கார்மினின் ஜி3எக்ஸ் டச் என்ற முழு கண்ணாடி பேனலும் சேர்ந்து அடங்காது. திரையின் அளவைப் பார்த்து மயங்காதீர்கள். மேகத்துக்குள் தனியாக ஓட்டுகிறவருக்கு முதல் எதிரி வேக்யூம் பம்ப். உள்ளே இருக்கும் கார்பன் தகடுகள் முன்னறிவிப்பில்லாமல் உடையும். விமானத்தின் சாய்வைக் காட்டும் ஹொரைசன் கருவி சட்டென்று விழாமல் மெல்லச் சாயும், நீங்களும் அதோடு சேர்ந்து சாய்வீர்கள். அதனால் இரண்டு கார்மின் ஜி5 (சிறு மின்னணுத் திரை) போட்டு, பம்பையும் குழாய்களையும் மொத்தமாகப் பிடுங்கிவிடுங்கள். பேட்டரியோடு வாங்கினால் ஜெனரேட்டர் போனாலும் நான்கு மணி நேரம் வரை தாங்கும். அதன் மேல் ஜிஎஃப்சி 500 ஆட்டோபைலட். தலை சுற்றும்போது 'லெவல்' பட்டனை அழுத்தினால் விமானத்தை நிமிர்த்திக் கொடுக்கும். உங்கள் 80 ஆயிரத்தில் உயிரைக் காப்பாற்றப் போவது எதுவென்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

ஜிபிஎஸ் அப்ரோச் (ஜிபிஎஸ் வழிகாட்ட ஓடுதளத்தை நெருங்குவது) பறக்க ஜிபிஎஸ் 175 போதும், ரேடியோவும் சேர்த்து வேண்டுமென்றால் ஜிஎன்சி 355. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஜிஎன்எஸ் 430டபிள்யூ வாங்க வேண்டாம், அதைப் பழுது பார்க்க ஆள் குறைந்துகொண்டே வருகிறது. ஜிபிஎஸ்ஸையும் ஜி5-ஐயும் பேச வைக்க ஜிஏடி 29பி என்ற சின்னப் பெட்டி தேவை. கோட்டேஷனில் அது இருக்கிறதா என்று பாருங்கள், பலர் விட்டுவிடுவார்கள். ஏடிஎஸ்-பியைத் தொடவே வேண்டாம்.

இவற்றுக்கும் முன்னால் ஒரு ஜேபிஐ ஈடிஎம் 900 எஞ்சின் மானிட்டர். நான்கு சிலிண்டரின் சூட்டையும் தனித்தனியாகப் பதிவு செய்யும். லைகமிங் 500 டிகிரி ஃபாரன்ஹீட் வரை அனுமதித்தாலும் நீங்கள் 400-க்குக் கீழேயே வைத்திருங்கள். இந்த எஞ்சினை இன்னும் எத்தனை மணி நேரம் நம்பலாம் என்ற கேள்விக்கு அந்தப் பதிவில்தான் விடை கிடைக்கும். நாளைக்கு 180 போட்டால், அதற்கேற்ற அளவுகளை மாற்றிக்கொண்டு அதே மானிட்டரை வைத்துக்கொள்ளலாமா என்று வாங்கும்போதே ஏவியானிக்ஸ் கடையிடமும் ஏர் ப்ளெய்ன்ஸிடமும் கேளுங்கள்.

ஆக, என் வரிசை இது: மானிட்டரும் டேப்பெட் சோதனையும் இந்த மாதமே. எஞ்சின் நலமென்றால் ஜி5, ஆட்டோபைலட், ஜிபிஎஸ் எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துவிட்டு, மீதியை எஞ்சினுக்கு ஒதுக்குங்கள். கேம் போயிருந்தால் 180 முதலில், ஜி5 இரண்டோடு பேனலை இப்போதைக்கு நிறுத்துங்கள். விற்கும்போது போட்ட பணம் திரும்பாது, அதை நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஏவியானிக்ஸ் கடையில் இடம் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கலாம், இப்போதே பெயர் கொடுங்கள். பேனலைக் கழற்றியதும் செத்துப்போன ஏடிஎஃப் (பழைய ரேடியோ திசைகாட்டி) ஒயர்கள் கற்றை கற்றையாக வரும். 'அப்படியே கட்டி வைத்துவிடுகிறோம்' என்பார்கள். சம்மதிக்காதீர்கள், முழுக்க உருவச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் காகிதத்தில் கணக்குப் போடாமல் விமானத்தைத் தராசில் ஏற்றி எடை பார்க்கச் சொல்லுங்கள். பெரிய மாற்றங்களைப் பதிவு செய்யும் எஃப்ஏஏவின் ஃபார்ம் 337-உம் ஒவ்வொரு எஸ்டிசியின் பறப்புக் கையேட்டு இணைப்பும் கைக்கு வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.