'எபெனேசர்' என்பது கடவுளின் பெயரா?

இல்லை, ஒரு கல்லின் பெயர். எபிரேயத்தில் 'எவென்' என்றால் கல், 'ஏசெர்' என்றால் உதவி. ஆக, 'உதவியின் கல்'. இஸ்ரவேலரின் எதிரிகளான பெலிஸ்தரை முறியடித்தபின் தீர்க்கதரிசி சாமுவேல் மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவே ஒரு கல்லை நிறுத்தி, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்" என்று சொல்லி இட்ட பெயர் (பைபிள், 1 சாமுவேல் 7:12). 'இம்மட்டும்' என்பதைக் கவனியுங்கள். நன்றி இதுவரை கிடைத்ததற்குத்தான்.

வேடிக்கை என்னவென்றால், அதே நூலின் 4-ஆம் அதிகாரத்திலேயே, அதாவது கல்லுக்குப் பெயரிடும் முன்பே, இஸ்ரவேலர் எபெனேசரில் பாளயமிறங்கித் தோற்கிறார்கள். முதலில் சுமார் 4,000 பேர், பிறகு 30,000 பேர் மடிகிறார்கள். பத்துக் கட்டளைகளின் கற்பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டியும் பறிபோகிறது. பின்னால் வந்த பெயரையே முன்கூட்டி எழுதிவிட்டார்கள் என்பார் சிலர். இரண்டும் வெவ்வேறு இடங்கள் என்பார் வேறு சிலர்.

ஜெபத்தில் "எபெனேசரே" என்று கடவுளை விளிப்பது தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே ஊறிய வழக்கம், மூலத்தில் இல்லாதது. வீட்டுக்குப் பெயராக வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும்; கல்தானே.