டி.ஆர்.ஐ. முதல் ரெக்கார்ட்: ஒரிஜினல் 7 இன்ச்சா, 12 இன்ச் ரீஇஷ்யூவா?

கேள்வி: டி.ஆர்.ஐ.ங்கிற அமெரிக்க ஹார்ட்கோர் பங்க் பேண்டோட 'டர்ட்டி ராட்டன்' வினைல் ரெக்கார்ட், ஒரிஜினல் 7 இன்ச், ஒருத்தர் விக்கிறார், விலைய கேட்டா தலை சுத்துது. 12 இன்ச் ரீஇஷ்யூ, அதாவது பின்னாடி மறுபடி போட்டது, அதுல கொஞ்சம் காசுக்கே கிடைக்குது. ஆனா ஒரிஜினல் பிரஸ்ஸிங்லதான், அதாவது முதல்ல அச்சடிச்ச பிளேட்டுலதான், நல்ல சவுண்ட் இருக்கும்னு ஃப்ரெண்ட்ஸ் அடிச்சு சொல்றாங்க. எத வாங்கட்டும்?

பதில்: கேக்கறதுக்குன்னா 12 இன்ச்தான், யோசிக்கவே வேணாம். முதல் பிரஸ்ஸிங்தான் பெஸ்ட்ங்கிறது நிறைய ரெக்கார்டுக்கு சரி, பாட்டு பதிவான டேப் அப்ப புதுசா இருந்திருக்கும், ஆனா இந்த ஒண்ணுக்கு கதையே உல்டா. ஹூஸ்டன் பசங்க 1982ல ரெக்கார்ட் பண்ணது, 22 பாட்டு, எல்லாம் சேர்ந்தே கிட்டத்தட்ட 18 நிமிஷம், அத்தனையையும் ஒரே 7 இன்ச்சுல திணிச்சிட்டாங்க. சைடுக்கு ஒம்போது நிமிஷம்னா அந்த சைஸுக்கு ரொம்ப ஓவர்.

ஏன்னா சவுண்டும் பேஸும் ஏற ஏற ஊசி போற பள்ளம் பக்கவாட்டுல அகலமா ஆடும், அதுக்கு இடம் வேணும், இடம் இல்லன்னா பிளேட்டுல பள்ளத்த கட் பண்றவர் வால்யூமையும் பேஸையும் குறைச்சுதான் ஆகணும். அதோட நிக்கல. நிமிஷத்துக்கு 33 சுத்துங்கிற ஸ்பீடுல 12 இன்ச்சோட வெளி ஓரத்துல ஒரு செகண்டுக்கு சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஊசிக்கு கீழ ஓடும், 7 இன்ச்சுல ஓரத்துலயே 29தான், உள்ள போக போக 20கிட்ட வந்துரும். அந்த கொஞ்ச இடத்துல ஹை ஃப்ரீக்வன்சி, அதாவது கீச்சுனு கேக்கற சத்தம், அத நெருக்கி எழுதுறதால ஊசியால ஒழுங்கா ஃபாலோ பண்ண முடியாது. பாடகர் கர்ட் பிரெக்ட் மூச்சு விடாம கத்துறார், டிரம்மர் எரிக் பிரெக்ட் சிம்பல்ங்கிற தாளத் தட்ட விடாம அடிக்கிறார், கடைசி பாட்டுங்கள்ல எல்லாம் சேர்ந்து 'ஸ்ஸ்ஸ்'னு ஒரே இரைச்சல். பேண்டே கொஞ்ச நாள்ல இத 12 இன்ச்சா மறுபடி போட்டாங்க, அதனால பெரிய சைஸ் ஏதோ பின்னாடி வந்த ரெக்கார்ட் கம்பெனி காசு பாக்க கண்டுபிடிச்சதுன்னு நினைக்காதீங்க. 7 இன்ச் கலெக்‌ஷனுக்கு, அலமாரில வெச்சு அழகு பாக்க. அதுவும் ஒரு சந்தோஷம்தான், குறை சொல்லல.

இப்ப எந்த ரீஇஷ்யூன்னு பாப்போம். 180 கிராம்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா ஏமாறாதீங்க, கனமான பிளேட்டுன்னா பள்ளம் ஒண்ணும் ஆழமாயிடாது. பிக்சர் டிஸ்க், அதாவது பிளேட்டுலயே படம் இருக்கிறது, அது மட்டும் வேணாம், பொதுவா இரைச்சல் ஜாஸ்தி. முக்கியமா பாக்க வேண்டியது எதுலேருந்து கட் பண்ணாங்கன்னுதான். மாஸ்டர் டேப்ப, அதாவது ஒரிஜினல் பதிவு டேப்ப, ஒழுங்கா டிஜிட்டலா மாத்தி அதுலேருந்து கட் பண்ணியிருந்தா தாராளமா வாங்கலாம், அனலாக் தான் வேணும்னு அடம் பிடிக்க இது ஜாஸ் ரெக்கார்ட் இல்லீங்க. பழைய பிளேட்ட ஓட்டி அதுலேருந்து காப்பி எடுத்த பூட்லெக்தான், அதாவது அனுமதி இல்லாம போட்ட திருட்டு பதிப்புதான், ஆபத்து.

சீல் பிரிச்சப்புறம் பிளேட்டுல கோளாறு இல்லன்னா பொதுவா திருப்பி எடுக்க மாட்டாங்க, அதனால வாங்கறதுக்கு முன்னாடியே அதே பிரஸ்ஸிங்கோட ரன்-அவுட் எழுத்து, அதாவது கடைசி பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவுல வெறும் பிளேட்டுல கீறியிருக்கிற நம்பர், டிஸ்காக்ஸ்ங்கிற ரெக்கார்ட் பட்டியல் வெப்சைட்டுல என்ன பதிவாயிருக்குன்னு பாருங்க. செகண்ட் ஹேண்டுன்னா விக்கிறவர்கிட்ட அந்த இடத்த லைட்ட சாய்ச்சு வெச்சு போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க. நம்பர் ஒத்துப்போகல, ரெக்கார்ட் கம்பெனி பேரே அட்டைல இல்ல, பின் அட்டைல பொடி எழுத்தெல்லாம் ஸ்கேன் பண்ண மாதிரி மங்கலா புள்ளி புள்ளியா இருக்குன்னா விட்ருங்க.

கைக்கு வந்ததும் முதல் பாட்ட கேட்டு திருப்திப்பட்டுராதீங்க, நேரா ரெண்டு சைடோட கடைசி பாட்டுக்கு போங்க. அங்க சிம்பல் கிழிஞ்சா உடனே பிளேட்ட திட்டாம கார்ட்ரிட்ஜ் அலைன்மென்ட்ட, அதாவது ஊசி இருக்கிற பாகம் நேரா மாட்டியிருக்கான்னு, ஒரு தடவை சரி பார்த்துட்டு மறுபடி போடுங்க, அப்பவும் கிழிஞ்சா பிளேட்டுல கோளாறுன்னு சொல்லி ரிட்டர்ன் கேளுங்க.