சாகுல் ஹமீது என்ற பெயருக்கு என்ன பொருள்? மகனுக்கு வைக்கலாமா?

வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள், உங்களுக்குப் பழைய பெயராகத் தோன்றியிருக்கும். அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் பெயரே அதுதான், சொல்கிறேன்.

'ஷாஹ்' பாரசீகச் சொல், அரசர். 'ஹமீத்' அரபு, புகழுக்குரியவர். முஹம்மது, அஹ்மது, மஹ்மூது, ஏன், அல்ஹம்துலில்லாஹ்கூட அதே வேரில் வந்தவைதான். நடுவில் நிற்கும் 'உல்' வெறும் இணைப்பு. ஆக, 'சாகுல்' என்று தனியாக ஒரு சொல்லே கிடையாது. 'அப்துல்' மாதிரி பாதியில் அறுத்த பெயர். அலுவலகத்தில் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

ஆனால் நம் பக்கம் யாரும் அகராதியைப் புரட்டி இந்தப் பெயரை வைப்பதில்லை. வடக்கே மாணிக்கப்பூரில் பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து, நாகூரில் அடங்கியிருக்கும் பெரியவரின் பெயர் இது. அங்கே 131 அடி உயரத்தில் நிற்கிற பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். கப்பலேறிப் போன நம் ஆட்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் சிங்கப்பூரிலும் அவர் நினைவாக ஒரு தர்கா கட்டினார்கள்.

நான் நாகூருக்கு நேர்ந்துகொண்டு பிறந்தவன். பெரியத்தா வீட்டிலும் சின்னத்தா வீட்டிலும் அதே நேர்ச்சை, அதே பெயர். ஒரே வீட்டில் மூன்று சாகுல் ஹமீது! நன்னி, அதாவது பாட்டி, மட்டும் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அந்தப் பெயரைச் சொல்லித் திட்டிவிட்டால் என்ன ஆவது என்று பயம். நாகூராரை எசமான் என்பார்கள் இல்லையா, எங்களுக்கும் அதுவே. "எசமானே, ஓடிப்போய் அரைக் கிலோ உப்பு வாங்கிட்டு வா" என்பார். வாசலில் மூன்று எசமான்களும் ஆளுக்கு ஒரு பக்கம் ஒளிவோம்.

தர்கா சம்பந்தப்பட்ட பெயர் கூடாது என்று பின்னூட்டத்தில் சிலர் வருவார்கள். மார்க்கச் சட்டம் பேச நான் ஆலிம் இல்லை. பொருளில் குறை இல்லை, தாராளமாக வையுங்கள். ஆனால் பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதே ஆங்கில எழுத்தை முடிவு செய்துவிடுங்கள். எனக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, பான் அட்டையில் இன்னொரு மாதிரி. வீட்டுக் கடனுக்குப் போன இடத்தில் "ஹமீது உங்க அப்பா பேரா சார்?" என்று கேட்டார்கள். இல்லை, இரண்டும் சேர்ந்து என் பெயர், அத்தா பெயர் முன்னெழுத்தில் இருக்கிறது என்றேன். நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிவரச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டு மூன்றாவது தடவை போனபோது, "மிஸ்டர் ஹமீது சாகுல்" என்று கூப்பிட்டார்கள். எழுந்து போனேன்.