சின்னம்மாவின் விசுவாசம் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

என் சின்னம்மா சாவகச்சேரிப் பக்கம் இருக்கிறா. கனகாலமாகச் சீனி வருத்தம், இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவ. போன வருஷம் ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில் பாஸ்டர் தலையில் கை வைத்து ஜெபித்து, "கர்த்தர் சுகம் தந்திட்டார், இனி ஊசி எதற்கு?" என்றாராம். சின்னம்மா ஊசியை விட்டா, அடுத்த ஞாயிறே சபையில் எழும்பி, சுகமாகிவிட்டேன் என்று சாட்சி சொன்னா. சில மாதத்தில் காலில் புண். பெரியாஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். இப்போது சபையில் "உங்களுக்கு விசுவாசம் காணாது அக்கா" என்கிறார்கள். அவவும் அதையே சொல்லி அழுகிறா. நான் சைவம். பைபிளில் அப்படியா இருக்கிறது? அவவைச் சபைக்குப் போகாமல் மறிக்கலாமா?

– ஒரு வாசகி, கோண்டாவில்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அப்படி இல்லை. மத்தேயு 17ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் வலிப்புக்கார மகனைச் சீடர்களிடம் கொண்டுவருகிறான். அவர்களால் முடியவில்லை. இயேசு வந்து சுகமாக்கிய பிறகு, "எங்களால் ஏன் ஏலாமல் போனது?" என்று சீடர்கள் தனியே கேட்கிறார்கள். உங்கள் அவிசுவாசத்தால்தான் என்கிறார். ஏச்சு விழுந்தது சுகமாக்கப் போனவர்களுக்கு. மாற்கு இதே சம்பவத்தைச் சொல்லும்போது அந்தத் தகப்பன், நம்புகிறேன், என் நம்பிக்கையீனத்துக்கு உதவி செய்யும் என்று கதறுகிறான். அரைகுறை விசுவாசந்தான். பிள்ளைக்குச் சுகம் கிடைத்தது.

உடல் வழங்காத திமிர்வாதக்காரன் ஒருவனைக் கூரையைப் பிரித்து இறக்கியபோதும் இயேசு முதலில் பார்த்தது தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தை. நோயாளி சபை மூப்பர்களைக் கூப்பிடட்டும், அவர்கள் எண்ணெய் பூசி விசுவாசத்தோடு ஜெபிக்கட்டும் என்கிறது யாக்கோபு 5. விசுவாசத்துக்குக் கணக்குக் கேட்பதென்றால் பாஸ்டரிடம்தான் தொடங்க வேண்டும்!

"உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்ற வசனத்தைக் காட்டுவார்கள். பெரும்பாட்டால், அதாவது தீராத இரத்தப்போக்கால், வருந்திய பெண்ணிடம் சுகம் கிடைத்த பிறகு சொன்னது அது. சுகம் தேடி வந்த ஒருவரை, உனக்குக் காணாது என்று அவர் திருப்பி அனுப்பிய இடம் நற்செய்திகளில் இல்லை. அப்போஸ்தலர் பவுல், தன் உடலில் "முள்" என்று அவரே சொன்ன உபாதை நீங்க மூன்று தரம் வேண்டினார், நீங்கவில்லை. தன் ஊழியத் தோழன் துரோப்பீமுவை வருத்தத்தோடேயே மிலேத்துவில் விட்டுவந்தார். இவர்களுக்கும் விசுவாசம் காணாதாமோ?

ஜெபத்தால் சுகமானேன் என்பவரோடு நான் வாதாடப் போவதில்லை. ஆனால் பிரான்சில் உள்ள லூர்து மாதா தலத்தில் 1858இலிருந்து இன்றுவரை கத்தோலிக்கத் திருச்சபை அற்புதமென்று ஏற்றவை எழுபதைச் சற்றே தாண்டும். அதுவும் டொக்டர்மார் வருஷக்கணக்கில் ஆராய்ந்த பிறகு. இங்கே அடுத்த ஞாயிறே சாட்சி. சீனி கூடினால் உடனே நோகாது, கால் விறைத்துப்போனவருக்குப் புண் வந்ததும் தெரியாது. அவசரச் சாட்சிக்கு இவ்வளவு வசதியான வருத்தம் வேறில்லை.

யாழ்ப்பாணத்தில் இதைக் கேட்க எனக்குக் கோபம் வருகிறது. 1820இல் பண்டத்தரிப்பில் வேலை தொடங்கிய அமெரிக்க மிஷனரி ஜோன் ஸ்கடர் வைத்தியர், குருப்பட்டம் பெற்ற போதகருங்கூட. அதே மிஷனில் 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் படிப்பித்தார். ஜெபம் தெரியாமலா இவர்கள் மருந்துப் பெட்டியோடு கப்பலேறினார்கள்?

சபைக்குப் போவதை மறிக்காதீர்கள். விரல் போன மனுஷிக்குப் பக்கத்தில் இருந்து பாட நாலு பேர் வேண்டும், அது உங்களாலோ என்னாலோ ஏலாது. மறிக்க வேண்டியது அந்த "காணாது" என்ற கதையை. பாஸ்டர் வீட்டுக்கு வந்தால் மத்தேயு 17ஐச் சின்னம்மாவுக்கு முன்னால் வாசித்து விளக்கச் சொல்லுங்கள், நீங்களும் கூட இருங்கள். எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும். கிளினிக் கொப்பி மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். ஊசியை எந்த அளவில் திரும்பத் தொடங்குவதென்று டொக்டரிடம் கேளுங்கள், பழைய அளவை நீங்களாகப் போட்டுவிட வேண்டாம். மற்றக் காலையும் ஒவ்வொரு இரவும், விரலிடுக்கு உட்பட, வெளிச்சத்தில் பாருங்கள்.