யூனிவர்சல் கிரெடிட்டில் கூடுதலாகத் தந்துவிட்டுத் திருப்பிக் கேட்கிறார்கள்: கட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: நாங்கள் லண்டன் ஹரோவில் இருக்கிறோம். கணவர் கிடங்கு ஒன்றில் முழுநேர வேலை, நான் பள்ளிச் சமையலறையில் பகுதிநேரம். இரண்டு பிள்ளைகள். மூத்தவள் 2024 செப்டம்பர் 23இல் பல்கலைக்கழகம் தொடங்கினாள். இரண்டாம் நாளே யூனிவர்சல் கிரெடிட்டின் (குறைந்த வருமானத்தாருக்கான அரச உதவித்தொகை) இணையக் கணக்கிலுள்ள ஜர்னலில் அறிவித்துவிட்டேன். ஆனால் அவளுக்கான தொகை நிற்கவில்லை, வரும் காசு குறையவில்லை. ஜனவரியில் மறுபடி கேட்டதற்கு, "உங்கள் விவரங்கள் சரியாக உள்ளன" என்று பதில் வந்தது. இப்போது 14 மாதங்களுக்கு 4,065.11 பவுண் கூடுதலாகத் தந்துவிட்டோம், திருப்பிக் கட்டுங்கள் என்று கடிதம் வந்திருக்கிறது. நகையை அடகு வைத்தாவது கட்டி முடி என்கிறார் அண்ணி. மாமாவுக்குப் பென்ஷன் கிரெடிட்டில் (ஓய்வூதிய வயதினருக்கான உதவித்தொகை) இப்படி வந்தபோது ஒரு சதமும் கட்டவில்லை. நாங்கள் என்ன செய்வது?

பதில்: முதலில், நகையைத் தொடாதீர்கள். வேலை மற்றும் ஓய்வூதியத் திணைக்களம் (டி.டபிள்யூ.பி.) இந்தக் கடனுக்கு வட்டி போடுவதில்லை. அடகுக் கடைக்காரர் மாதாமாதம் போடுவார். வட்டியில்லாக் கடனை அடைக்க வட்டிக்கு வாங்குவதோ, சீட்டை அவசரமாகத் தள்ளி எடுப்பதோ வீண் நட்டம்.

மாமாவின் கதை உங்களுக்குப் பொருந்தாது. பென்ஷன் கிரெடிட், அரச ஓய்வூதியம், பிப் (மாற்றுத்திறனாளிகளுக்கானது), கேரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பாளர்களுக்கானது) போன்றவற்றில், பெறுபவர் தவறான தகவல் தந்திருந்தால் அல்லது சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டிருந்தால்தான் கூடுதல் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு வெளியே, பொதுச் சட்டத்தின் பெயரால் வசூலிக்கத் திணைக்களத்துக்கு உரிமை இல்லை என்று 2010 டிசம்பரில் பிரித்தானிய உச்ச நீதிமன்றமும் சொன்னது. பிறகு வந்த 2012 நலச் சீர்திருத்தச் சட்டம் யூனிவர்சல் கிரெடிட்டுக்கு வேறு விதியை எழுதிவிட்டது. பிழை யாருடையதாக இருந்தாலும், முற்றிலும் அலுவலகத்தின் பிழையாகவே இருந்தாலும், கூடுதலாகத் தந்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். ஆனால் சட்டம் அதுதான்.

இது தெரியாமல் பலர், "பிழை உங்களுடையது, நான் கட்ட மாட்டேன்" என்று மறுபரிசீலனைக்கு எழுதித் தோற்றுப்போகிறார்கள். உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள்.

ஒன்று, தொகை சரிதானா என்பது. இதற்குத்தான் கட்டாய மறுபரிசீலனை, அதாவது முடிவை மறுபடி பார்க்கும்படி திணைக்களத்திடமே கேட்பது. காலக்கெடு ஒரு மாதம், அதுவும் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து. உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. தக்க காரணம் இருந்தால் 13 மாதம் வரை ஏற்கலாம், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். அதிலும் முடிவு மாறாவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

உங்கள் மதிப்பீட்டுக் காலம் (தொகையைக் கணக்கிடும் ஒரு மாத காலம்) மாதத்தின் 18ஆம் தேதி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மகள் பல்கலைக்கழகம் தொடங்கிய காலம் முதல் 2025 மார்ச் 18இல் தொடங்கிய காலம் வரை ஏழு. அப்போது இரண்டாம் பிள்ளைக்கான தொகை 287.92 பவுண். ஏப்ரல் 18 முதல் ஒக்டோபர் 18 வரை தொடங்கியவை இன்னும் ஏழு, அவற்றுக்கு 292.81. கூட்டினால் 4,065.11, கடிதத்தில் உள்ள அதே தொகை. இளையவர் 2017 ஏப்ரல் 6க்கு முன் பிறந்தவர் என்றால், மூத்த பிள்ளைக்குரிய உயர்ந்த தொகை (2025-26இல் 339 பவுண்) இனி அவருக்கு வரும். நீங்கள் இழப்பது குறைந்த தொகையைத்தான். ஆக, அடிப்படைக் கணக்கு சரி.

ஆனால் மாத அறிக்கைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். கணவர் ஓவர்டைம் செய்த மாதத்தில் உங்களுக்கு மொத்தமே 140 பவுண்தான் வந்தது என்றால், அந்த மாதத்துக்கான கூடுதல் தொகை 140ஐத் தாண்ட முடியாது, 287.92 என்று போட்டிருந்தால் பிழை. பெனிபிட் கெப் (மொத்த உதவித்தொகைக்கான உச்சவரம்பு) வெட்டிய மாதங்களிலும் உண்மையான வித்தியாசம் குறைவாக இருக்கலாம். கடிதத்தில் 50 பவுண் தண்டம் சேர்த்திருந்தால் அதையும் எதிர்த்துக் கேளுங்கள். அது கவனக்குறைவுக்கும் அறிவிக்காமல் விட்டதற்கும் உரியது, நீங்கள் அறிவித்திருக்கிறீர்கள்.

இரண்டாவது வழி கடன் தள்ளுபடி. உங்கள் விஷயத்தில் உயிர் இருப்பது இங்கேதான். வசூலிக்க உரிமை உண்டு என்பதால் வசூலித்தே ஆக வேண்டும் என்றில்லை. விட்டுக்கொடுக்கும் அதிகாரமும் திணைக்களத்துக்கு உண்டு. 2023 பெப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றம், 'கே' என்று மட்டும் குறிப்பிடப்பட்ட ஒரு பெண்ணின் வழக்கில், 8,600 பவுணுக்கும் மேற்பட்ட கடனைத் தள்ளுபடி செய்ய மறுத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. இந்தப் பணம் எனக்கு உரியதுதானா என்று அவர் கேட்டிருந்தார். உரியதுதான் என்று திரும்பத் திரும்ப உறுதி சொல்லியிருந்தார்கள். உங்களுக்கு ஜனவரியில் வந்த பதிலும் அதே இனம். உங்கள் கையில் உள்ள மிகப் பெரிய சான்று அந்த ஒரு வரிதான்.

அதனால் இன்றைக்கே ஜர்னலின் அந்தப் பக்கங்களைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கோரிக்கை மூடப்பட்டபின் ஜர்னலைப் பார்ப்பது சிரமம். கூட்டுக் கோரிக்கையில் இருவருக்கும் தனித்தனிக் கணக்கு என்பதால் கணவருடைய ஜர்னலையும் பாருங்கள். தொலைபேசியில் பேசியிருந்தால் சப்ஜெக்ட் அக்செஸ் ரிக்வெஸ்ட் (உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலைக் கேட்கும் விண்ணப்பம்) போட்டுப் பதிவுகளைக் கேளுங்கள். கட்டணமில்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். இன்னொரு சங்கதி: ஜர்னலில் வெறும் செய்தியாக எழுதினால் அது ஒரு அலுவலரின் பட்டியலில் கிடந்து கவனிக்கப்படாமல் போகலாம். இனி எதையும் கணக்கிலுள்ள 'ரிப்போர்ட் எ சேஞ்ச்' (மாற்றத்தை அறிவித்தல்) வழியாகவே அறிவியுங்கள்.

தள்ளுபடிக் கடிதம் திணைக்களத்தின் டெட் மனேஜ்மென்ட் (கடன் வசூல்) பிரிவுக்குப் போக வேண்டும். 'வேவர்' (தள்ளுபடி) என்ற சொல் தலைப்பிலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் தவணை குறைக்கக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். எப்போது அறிவித்தீர்கள், என்ன பதில் வந்தது, அதை நம்பிக் காசை எதற்குச் செலவழித்தீர்கள் என்று தேதியோடு எழுதுங்கள். வாடகை, கவுன்சில் டக்ஸ், மின்சாரம், சாப்பாடு என்று மாத வரவுசெலவை ஒரு தாளில் போட்டு இணையுங்கள். பணம் மகளின் படிப்புக்குப் போனதா, வேறு உதவிக்கு விண்ணப்பிக்காமல் விட்டீர்களா என்பவை முக்கியம். நோய், மன அழுத்தம் இருந்தால் ஜி.பி.யின் கடிதம் வையுங்கள். முழுதும் முடியாவிட்டால் ஒரு பகுதியையாவது தள்ளுபடி செய்யும்படி கேளுங்கள். முடிவு வரும்வரை பிடித்தத்தை நிறுத்தி வைக்கவும் தனியாகக் கேளுங்கள்; அது தானாக நிற்கும் என்று இருந்துவிடாதீர்கள்.

மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது, நீதிமுறை மறுஆய்வுதான், அதாவது அந்த முடிவு சட்டப்படி சரியா என்று நீதிமன்றத்தில் கேட்பது. அதற்குக் கெடு அதிகபட்சம் மூன்று மாதம், தாமதிக்காமல் போட வேண்டும். மறுப்புக் கடிதம் வந்த கிழமையே சிட்டிசன்ஸ் அட்வைஸையோ அருகிலுள்ள லோ சென்டரையோ (சட்ட உதவி நிலையம்) பாருங்கள். வருமானத்தைப் பொறுத்து லீகல் எய்ட் (அரச செலவில் சட்ட உதவி) கிடைக்கலாம். அலுவலகத்தின் கவனயீனத்தைப் பற்றி முறைப்பாடு செய்வது வேறு பாதை. மன்னிப்பும் சிறு தொகையும் கிடைக்கலாம், கடன் அதனால் அழியாது.

கட்டத்தான் வேண்டும் என்று ஆனால்: 2025 ஏப்ரல் 30 முதல், யூனிவர்சல் கிரெடிட்டிலிருந்து பிடிக்கும் மொத்தத்துக்கு அடிப்படைத் தொகையின் 15 சதவீதம் உச்சவரம்பு, சில முன்னுரிமைக் கடன்கள் தவிர. இருவரில் ஒருவராவது 25 வயது நிறைந்த தம்பதிக்கு 2025-26இல் அடிப்படைத் தொகை 628.10; அதில் 15 சதவீதம் ஏறத்தாழ 94 பவுண். அந்த ஆண்டுத் தொகையை வைத்துப் பார்த்தால், உச்ச வேகத்தில் பிடித்தாலும் 43 மாதங்களுக்கு மேல் ஆகும். அதுவும் தாங்காது என்றால் வரவுசெலவுத் தாளைக் காட்டிக் குறைக்கச் சொல்லுங்கள்.

கணவரின் சம்பளம் ஏறி யூனிவர்சல் கிரெடிட் நின்றுவிட்டால் நிலைமை மாறும். கூட்டுக் கோரிக்கையின் கடனை இருவரில் யாரிடமும் வசூலிக்கலாம். நீங்கள் பேசாமல் இருந்தால், நீதிமன்ற உத்தரவே இல்லாமல் முதலாளிக்கு எழுதி நேரே சம்பளத்தில் பிடிப்பார்கள். கையில் வரும் சம்பளம் மாதம் 1,800 பவுண் என்றால் வழக்கமான விகிதம் 15 சதவீதம், அதாவது 270 பவுண். 2,240க்கு மேல் போனால் 20 சதவீதம். இதைத் தவிர்க்க, உதவித்தொகை நிற்கப்போகிறது என்று தெரிந்த உடனேயே டெட் மனேஜ்மென்ட்டை அழைத்து, உங்களால் முடிந்த மாதத் தவணையை ஒப்புக்கொண்டு, அதை எழுத்தில் வாங்கி வையுங்கள்.