சூப்பர்வைசர் திட்டியதற்கு குரூப்பில் பதில் போடலாமா?

தம்பி, மண்டபம் இறால் கம்பெனியில் எடை குறைந்ததற்காக சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் உங்களைத் திட்டினார், இன்று இரவே வாட்ஸ்அப் குரூப்பில் பதில் போடப்போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள்.

"மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்" என்கிறது பைபிளின் நீதிமொழிகள் 15:1. அது பேசாமல் இருக்கச் சொல்லவில்லை. எப்படிப் பேசுவது என்பதற்கு மத்தேயு 18:15 வழி காட்டுகிறது: தவறு செய்தவரிடம் தனியாகப் போய்ச் சொல். குரூப்பில் போட்டால் அவர் தன் மானத்தைத்தான் காப்பாற்றப் பார்ப்பார், எடைச் சீட்டைப் பார்க்க மாட்டார்.

நாளை லோடு ஏறி முடிந்ததும் சீட்டோடு போங்கள். "அண்ணே, எடை எங்கே குறைந்ததென்று சேர்ந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். ஐஸ் தண்ணீர் வடிந்தாலே எடை மாறும், அவருக்கும் தெரியும். அப்புறம் அவர் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். கேட்குமுன் பதில் சொல்வது வெட்கம் என்கிறது நீதிமொழிகள் 18:13.

ஆனால் இறால் தலை கிள்ளும் அக்காமாரின் கூலியிலும் பிடிக்கிறார்கள் என்றீர்களே, அதில் மட்டும் அமைதியாக இருக்காதீர்கள். பேச முடியாதவருக்காக வாயைத் திறக்கச் சொல்கிறது நீதிமொழிகள் 31:8. அவர்களிடம் கேட்டுக்கொண்டு, பிடித்த தேதி, தொகையோடு மேனேஜரிடம் எழுத்தில் கொடுங்கள்.